சிலேட்டை அழிக்கும் முன்

அன்புள்ள பிள்ளைகளுக்கும், என் நீளமான பதிவுகளை முகம் சுளிக்காமல் படிக்கும் உறவினர்களுக்கும் வணக்கம்.

இதுவும் நீளமான பதிவுதான். அவசரத்தில் இருப்பவர்கள் கடைசிப் பகுதியையாவது படித்துவிடுங்கள். உங்களில் மூன்று பேரிடம் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. கம்ப்யூட்டர் துறையில் வேலை பார்க்கிறவர்கள் முழுவதும் படிக்க வேண்டும். உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நம் பள்ளியின் பழைய மாணவர்கள் சேர்ந்து கொடுக்கும் கல்வி உதவி நிதியின் கணக்கு என் கையில் இருப்பது உங்களுக்குத் தெரியும். 2018-இல் ஓய்வு பெற்றதிலிருந்து நான்தான் எழுதுகிறேன். முதல் நான்கு வருடம் நீள நோட்டு. யார் எவ்வளவு கொடுத்தார்கள், எந்தப் பிள்ளைக்குப் போனது, அடுத்த தவணை எப்போது என்று பக்கம் பக்கமாகப் புரட்டித் தேடுவேன். 2022-இல் என் தம்பி மகன் தன் பழைய லேப்டாப்பில் உபுண்டு 22.04 போட்டு, அதில் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸையும் வைத்துக் கொடுத்தான். "அத்தை, உங்க நோட்டுதான் இது. ஆனா தானே தேடிக்கும்" என்றான். மூன்று மாதத்தில் பழகிக்கொண்டேன். நாற்பது வருடம் வருகைப் பதிவேட்டில் கோடு போட்ட கைக்கு அட்டவணை புதிதல்ல.

"ஏன் டீச்சர் இவ்வளவு கஷ்டம், கூகுள் ஷீட்டில் போட்டு லிங்க் அனுப்புங்க" என்று பலர் சொன்னீர்கள். நியாயமான யோசனைதான். ஆனால் அந்தக் கணக்கில் இருப்பது வெறும் தொகை இல்லை. எந்தப் பிள்ளைக்கு அப்பா இல்லை, எந்த வீட்டில் குடிப்பழக்கம், யார் படிப்பை நிறுத்தப் பார்க்கிறார்கள் என்றெல்லாம் குறித்திருக்கிறேன். அதை ஒரு லிங்க்கில் வைத்து வாட்ஸ்அப் குழுவில் சுற்றவிட எனக்கு மனம் வரவில்லை. என் வீட்டு மேசை மேல் இருக்கட்டும் என்று நினைத்தேன். கடைசியில் அந்த மேசை மேலேயே வைத்து அழித்துவிட்டேன் என்பதுதான் கதை.

ஆடி மாதம் கல்லூரிக் கட்டணங்கள் வரிசையாக வரும். ரசீதுகளைக் கையால் எழுதி விரல் மரத்துப் போனதால், டேட்டாபேஸிலிருந்து பெயரையும் தொகையையும் எடுத்து ரசீது அச்சடிக்க ஒரு சிறிய பைத்தான் நிரல் எழுதலாம் என்று ஆரம்பித்தேன். பைத்தானும் போஸ்ட்கிரெஸும் பேசிக்கொள்ள நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். சைகோபிஜி2 என்று பெயர். அதைப் போடச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன். திரை நிறையச் சிவப்பு எழுத்து வந்து விழுந்தது.

இந்த இடத்தில் நான் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டேன். கேள்வித்தாளைப் படிப்பதுபோல மேலிருந்து கீழே படித்தேன். நடுவில் ஒரு வரி பளிச்சென்று இருந்தது. சர்வருக்கு உள்ளே சேரும் உறுப்பு செய்வதானால் "போஸ்ட்கிரெஸ்க்யூஎல்-சர்வர்-டெவ்" என்பதைப் போடு, வெளியிலிருந்து சர்வரோடு பேசும் நிரல் செய்வதானால் "லிப்பிக்யூ-டெவ்" என்பதைப் போடு என்று அந்த வரி சொன்னது. இவ்வளவு தெளிவாகச் சொல்லும் பிழைச் செய்தியைப் பார்ப்பது அரிது. எழுதியவருக்கு என் வகுப்பில் நூற்றுக்கு நூறு. என் நிரல் வெளியிலிருந்து பேசுவது. ஆகவே லிப்பிக்யூ-டெவ்.

துறைக்கு வெளியே இருக்கும் உறவினர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். லிப்பிக்யூ-5 என்பது போஸ்ட்கிரெஸோடு பேசத் தெரிந்த ஒரு நூலகக் கோப்பு. அது ஏற்கெனவே தைத்து முடித்த ரவிக்கை, போட்டுக்கொண்டால் போதும். லிப்பிக்யூ-டெவ் என்பது அளவு ரவிக்கை. புதிதாக ஒன்று தைக்க வேண்டுமானால் தையற்காரரிடம் அளவுக்கு ஒன்று கொடுக்கிறோமே, அதுபோல. உடுத்துகிறவர்களுக்கு அளவு ரவிக்கை தேவைப்படாது, தைக்கிறவர்களுக்குத்தான் தேவை. அதனால் உபுண்டு, டெபியன் போன்றவை இரண்டையும் தனித்தனிப் பேக்கேஜாகப் பிரித்து வைத்திருக்கின்றன. தைக்கிறவர்களுக்கானதன் பெயரில் கடைசியில் "டெவ்" என்று இருக்கும். ரெட் ஹாட், ஃபெடோரா குடும்பத்தில் அதையே "டெவெல்" என்று எழுதுவார்கள். ஒரே பொருள்தான், ஊருக்கு ஊர் பெயர் வேறு. ஒரு குடும்பத்துக்கான குறிப்பைப் படித்துவிட்டு இன்னொன்றில் தேடினால் கிடைக்காது.

சரி, லிப்பிக்யூ-டெவ் போடச் சொன்னேன். போட மாட்டேன் என்றது.

அது சொன்னதைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்: லிப்பிக்யூ-டெவ் வேண்டுமானால் லிப்பிக்யூ-5-இன் 14-ஆம் பதிப்பு, அதுவும் உபுண்டு கட்டியதே வேண்டும், ஆனால் இங்கே இருக்கப் போவது 16-ஆம் பதிப்பு. அதன் கீழே, "நீங்கள் உடைந்த பேக்கேஜ்களைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள்" என்று ஒரு குற்றச்சாட்டு.

நான் எதையும் பிடித்து வைத்திருக்கவில்லை. உடைக்கவும் இல்லை. பாட்டி சொத்துத் தகராறில் நோட்டீஸ் வந்ததுபோல எனக்குப் படபடப்பாகிவிட்டது. இங்கேதான் தவறு செய்தேன். அந்த 16 எங்கிருந்து வந்தது என்று யோசிக்காமல், இணையத்தில் தேடினேன். நம் மாணவர் குழுவிலும் ஒரு படம் எடுத்துப் போட்டேன்.

இருபது நிமிடத்தில் ஒரு பதில் வந்தது. யார் சொன்னது என்பது முக்கியமில்லை, நல்ல பிள்ளைதான், அலுவலகத்தில் கூட்டத்துக்கு நடுவில் இருந்து பதில் போட்டிருக்கிறான். "டீச்சர், போஸ்ட்கிரெஸ் மொத்தத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போடுங்க. சுத்தமாயிடும்." இணையத்தில் நான் பார்த்த ஒரு பக்கமும் அதையே சொன்னது. கட்டளையும் இருந்தது. "போஸ்ட்கிரெஸ்க்யூஎல்" என்று தொடங்கும் எல்லாவற்றையும் வேரோடு நீக்கு என்று பொருள், பெயருக்குப் பின்னால் ஒரு நட்சத்திரம் போட்டு. அடுத்தவர் எழுதியதை அப்படியே ஒட்டினேன்.

நடுவில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு திரை வந்தது. பேக்கேஜை நீக்கும்போது போஸ்ட்கிரெஸ் அடைவுகளையும் நீக்கவா என்று கேட்டது. அது என்னை எச்சரிக்கத்தான் வந்தது. நானோ "அடைவு" என்றால் வெறும் காலி அலமாரி என்று நினைத்தேன். அலமாரிக்குள் இருப்பதும் சேர்ந்து போகும் என்று தோன்றவில்லை. ஆமாம் என்ற பதில் ஏற்கெனவே தேர்ந்தெடுக்கப்பட்டு நின்றது. எண்டரைத் தட்டினேன்.

பிறகு போஸ்ட்கிரெஸைப் புதிதாகப் போட்டேன். ஒழுங்காக ஏறியது. மகிழ்ச்சியோடு லிப்பிக்யூ-டெவ் போடச் சொன்னேன். முன்பு வந்த அதே வரி திரும்பவும் வந்தது, எழுத்துப் பிசகாமல். 14 வேண்டும், 16 இருக்கிறது, உடைந்ததைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள்.

கணக்கைத் திறந்து பார்த்தேன். புத்தம் புதிய டேட்டாபேஸ். உள்ளே ஒன்றுமே இல்லை.

அன்றிரவு நான் சாப்பிடவில்லை. வீட்டுக்காரர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் மோர் வைத்துவிட்டுப் போனார். பழைய நகல் ஒன்று பென்டிரைவில் இருந்தது நினைவுக்கு வந்தது. எடுத்துப் பார்த்தால் ஆறு வாரத்துக்கு முந்தையது. மாதம் ஒரு முறை எடுக்க வேண்டும் என்று நானே போட்ட விதியை, கோடை விடுமுறையில் பேரப்பிள்ளைகள் வந்த கொண்டாட்டத்தில் நானே மறந்திருந்தேன். அந்த ஆறு வாரத்தில் 38 ரசீது.

மறுநாள் காலை கோயம்புத்தூரிலிருந்து ஒரு போன். ஏழாம் வகுப்பில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து எப்போதும் மழையை வேடிக்கை பார்ப்பாளே, அவள்தான். இப்போது கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். குழுவில் என் படத்தை அப்போதுதான் பார்த்தாளாம். முதல் கேள்வியே இதுதான்: "டீச்சர், இதுக்கு முன்னாடி இந்த லேப்டாப்புல யார் கை வெச்சாங்க? என்ன போட்டாங்க?"

எனக்கு நினைவு வந்தது. 2024 பிப்ரவரியில் பெங்களூரில் இருக்கும் ஒருவன், பழைய நன்கொடையாளர் பட்டியலைத் தன் கணினியில் அடித்து ஒரு கோப்பாக அனுப்பினான். அவனிடம் இருந்தது போஸ்ட்கிரெஸ் 16. என்னிடம் இருந்தது உபுண்டு 22.04-உடன் வந்த 14. புதிய பதிப்பு கட்டிய மூட்டையைப் பழைய பதிப்பின் கருவியால் பிரிக்க முடியவில்லை. அதனால் போஸ்ட்கிரெஸ் குழுவினரே நடத்தும் களஞ்சியத்தை என் லேப்டாப்பில் சேர்க்கச் சொன்னான். அங்கிருந்து 16-இன் கிளையன்ட் கருவிகளை மட்டும் எடுத்துப் போட்டோம். எளிய அட்டவணைகள் என்பதால் பட்டியல் 14-இலும் ஏறிக்கொண்டது. வேலை முடிந்ததும், "இனிமே தேவையில்ல டீச்சர், அந்த வரியை எடுத்துடலாம்" என்று களஞ்சியத்தின் முகவரியை நீக்கிவிட்டோம். சுத்தமாகிவிட்டது என்று இருவரும் நினைத்தோம்.

"சரி டீச்சர், இப்ப ஒரு கட்டளை மட்டும் போடுங்க. இது எதையும் மாத்தாது, அழிக்காது. பார்க்க மட்டும்தான்" என்றாள் கோயம்புத்தூர்க்காரி. ஆப்ட் பாலிசி, அதன் பின்னால் லிப்பிக்யூ-5. "வர்றதைச் சத்தமா வாசிங்க."

வாசித்தேன். இப்போது இருப்பது 16. அந்தப் பதிப்பெண்ணின் வாலில் "பிஜிடிஜி" என்று ஒட்டியிருந்தது. அது போஸ்ட்கிரெஸ் குழுவின் களஞ்சியத்தின் முத்திரை. அதற்கு எதிரே, அது எங்கே கிடைக்கும் என்று காட்ட வேண்டிய இடத்தில், எந்தக் களஞ்சியத்தின் முகவரியும் இல்லை. என் கணினியின் சொந்த இருப்புப் பதிவேடு மட்டும் இருந்தது. அதற்குக் கீழே 14, அதற்கு எதிரே உபுண்டுவின் முகவரி.

நான்கைந்து வரியில் முழுக் கதையும் அங்கே இருந்தது. கிளையன்ட் 16 வந்தபோது தன்னோடு லிப்பிக்யூ-5-இன் 16-ஐயும் அழைத்து வந்திருக்கிறது. களஞ்சியத்தின் முகவரியை நீக்கியபோது கடைதான் மூடப்பட்டது, வீட்டுக்கு வந்த சரக்கு வீட்டிலேயே இருந்தது. இப்போது அளவு ரவிக்கை கேட்டால் உபுண்டு தன்னிடம் உள்ள 14-இன் அளவைத்தான் கொடுக்க முடியும். உடம்பில் இருப்பதோ 16. அளவு ஒன்றும் உடம்பு ஒன்றுமாக இருந்தால் தைப்பது கெட்டுப்போகும் என்பதால், இரண்டும் கடைசிப் புள்ளி வரை ஒன்றாக இருக்க வேண்டும் என்பது விதி. புதியதை எடுத்துவிட்டுப் பழையதை வைப்பதை ஆப்ட் தானாகச் செய்யாது. அதனால் நின்றுவிட்டது.

நான் வேரோடு பிடுங்கியது "போஸ்ட்கிரெஸ்க்யூஎல்" என்று தொடங்கும் பெயர்களை. சிக்கலின் பெயரோ "லிப்" என்று தொடங்குகிறது. நட்சத்திரம் போட்ட வலை அதைத் தொடவே இல்லை. டேட்டாபேஸ் போனது, குற்றவாளி அப்படியே இருந்தான்.

தீர்வு ஒரே ஒரு வரி. லிப்பிக்யூ-5-இன் பெயருக்குப் பக்கத்தில் சமக்குறி போட்டு, உபுண்டுவின் அந்த 14-ஆம் பதிப்பெண்ணை அப்படியே எழுதி, கூடவே லிப்பிக்யூ-டெவ்வையும் கேட்டோம். கீழ்ப்பதிப்புக்கு இறங்குகிறேன், சம்மதமா என்று கேட்டது. சம்மதம் என்றோம். இரண்டு நிமிடம். சைகோபிஜி2 சத்தமில்லாமல் ஏறியது. குழந்தை அந்தப் பக்கம் அழ ஆரம்பிக்க, "அப்புறம் பேசறேன் டீச்சர்" என்று வைத்துவிட்டாள்.

இன்னும் இரண்டு வழிகள் இருந்ததாகப் பிறகு சொன்னாள். மூடிய களஞ்சியத்தையே மறுபடி சேர்த்து, இரண்டையும் அங்கிருந்தே எடுத்திருக்கலாம். அல்லது சைகோபிஜி2-பைனரி என்று ஆயத்த ரவிக்கை ஒன்று உண்டாம், அளவே தேவையில்லை, தன் நூலகத்தைத் தானே சுமந்து வரும். பழகிப் பார்க்க அது போதும், நிலையான வேலைக்கு வேண்டாம் என்று அதைச் செய்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். மூன்றில் எதற்கும் என் 38 ரசீதைக் காவு கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது என் வருத்தத்துக்கு வருகிறேன்.

நான்காம் வகுப்பில் உங்களுக்கு நீள்வகுத்தல் சொல்லிக் கொடுத்தேனே, நினைவிருக்கிறதா? விடை தப்பு என்று சொன்னதும் பாதிப் பேர் என்ன செய்வீர்கள்? எச்சிலைத் தொட்டுச் சிலேட்டை முழுக்க அழிப்பீர்கள். நான் கையைப் பிடித்து நிறுத்துவேன். அழித்துவிட்டால் எந்த வரியில் தப்பினீர்கள் என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. திரும்பப் போடும்போது அதே ஏழெட்டு ஐம்பத்து நாலுதான் மறுபடி வரும். அழிக்காமல் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார் என்பேன். அப்படி விரல் வைத்துப் பார்த்தவர்கள்தான் இன்று பெரிய பெரிய கம்பெனிகளில் உட்கார்ந்துகொண்டு "அழிச்சிட்டுப் புதுசா போடுங்க" என்கிறீர்கள்.

உங்கள் பக்கமும் எனக்குப் புரிகிறது. அலுவலகத்தில் ஒரு கன்டெய்னரைத் தூக்கி எறிந்துவிட்டு இன்னொன்றை எழுப்புகிறீர்கள், அங்கே கணினி என்பது வாழையிலை மாதிரி, சாப்பிட்டதும் மடித்துப் போட்டுவிடலாம். என் மகனே அப்படித்தான் வாதாடினான்: "அம்மா, ஒவ்வொரு லேப்டாப்போட வரலாற்றையும் ஆராய்ச்சி பண்ண யாருக்கு நேரம்? புதுசா போடறதுதான் மலிவு." அவன் கம்பெனியில் அது உண்மையாக இருக்கலாம். அங்கே தரவு ஓரிடத்தில், நிரல் ஓரிடத்தில் என்று பிரித்து வைத்து, நாள்தோறும் நகல் எடுக்கவும் ஆள் இருக்கிறது. வீட்டு லேப்டாப்பில் இலையும் அதிலேதான், சோறும் அதிலேதான். எதிரில் இருப்பவரிடம் எது இருக்கிறது என்று கேட்காமல் அலுவலக மருந்தை வீட்டுக்கு எழுதிக் கொடுக்காதீர்கள். டாக்டரிடம் போனால் அவர் மாத்திரை எழுதும் முன் கேட்பது, ஏற்கெனவே என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்பதுதானே? அந்தக் கேள்வியைத்தான் கோயம்புத்தூர்க்காரி கேட்டாள். மற்றவர்கள் கேட்கவில்லை. அவளுக்கு உங்களைவிட அதிகம் தெரிந்திருந்தது என்று நான் நினைக்கவில்லை.

இணையத்தில் கட்டளைகளை எழுதிப் போடுகிறவர்களிடமும் ஒரு சண்டை இருக்கிறது. வேரோடு நீக்கும் கட்டளையை எழுதுகிறவர், அதற்கு மேலே "இது உங்கள் தரவையும் அழிக்கும், முதலில் நகல் எடுங்கள்" என்று ஒரு வரி எழுதுவதில் என்ன குறைந்துவிடும்? எலி மருந்துப் பாக்கெட்டில்கூட மண்டை ஓடு போட்டிருக்கிறது.

ஆப்ட்டைச் செய்தவர்களிடமும் கேட்பேன். என் திரையில் வந்த செய்தி பொய் சொன்னது என்று சொல்ல மாட்டேன், ஆனால் பழியை என் மேல் போட்டது. இந்தப் பதிப்பு எந்தக் களஞ்சியத்திலும் இப்போது இல்லை என்பது ஆப்ட்டுக்குத் தெரியும். பாலிசி கட்டளை அதைத்தானே காட்டியது? அதே உண்மையைப் பிழைச் செய்தியிலும் ஒரு வரியாகச் சொல்லியிருந்தால், நான் யாரிடமும் போயிருக்க மாட்டேன். தெரிந்ததை வைத்துக்கொண்டு "நீ எதையோ உடைத்துவிட்டாய்" என்று மட்டும் சொல்வது, விடைத்தாளில் காரணம் எழுதாமல் சிவப்புச் சுழி மட்டும் போடும் ஆசிரியர் வேலை. நானும் சில சமயம் அப்படிச் செய்திருக்கிறேன், திருத்த நூற்றிருபது தாள் இருந்த நாட்களில்.

களஞ்சியங்களைப் பற்றி இன்னும் ஒன்று. எங்கள் தாத்தா காலத்தில் களஞ்சியம் என்றால் நெல் கொட்டி வைப்பது. எந்த வயல் நெல் எதில் இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்காவது தெரியும். விதை நெல்லைச் சோற்று நெல்லோடு கலந்துவிட்டால் பாட்டி வீட்டை இரண்டாக்கிவிடுவாள். கணினியில் இரண்டு களஞ்சியத்தில் ஒரே பெயருள்ள பேக்கேஜ் இருந்தால், நாம் ஒன்றும் சொல்லாதபோது ஆப்ட் எதை எடுக்கும் தெரியுமா? பதிப்பெண் பெரிதாக இருப்பதை. நமக்குப் பொருந்துவது எது என்று அது கேட்பதில்லை. உபுண்டு தன் களஞ்சியத்தில் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வைக்கிறது, அதனால் பழையதாக இருக்கும். போஸ்ட்கிரெஸ் குழு தன் பொருளின் புதிய பதிப்பைத் தர வேண்டும் என்று நடத்துகிறது, அதனால் புதியதாக இருக்கும். இரண்டு கடையும் நேர்மையான கடைதான். ஒரே சமையலுக்கு இரண்டிலும் பாதிப் பாதி வாங்கியதுதான் தப்பு. எதற்கு எங்கே வாங்குவது என்று எழுதி வைக்க முன்னுரிமைக் கோப்பு ஒன்று இருக்கிறதாம், இப்போது வைத்திருக்கிறேன். கூடுதல் களஞ்சியத்தைச் சேர்ப்பது சின்ன விஷயமும் இல்லை. அங்கிருந்து வரும் பேக்கேஜ் நிறுவப்படும்போது முழு அதிகாரத்தோடு ஓடும். சாவியைக் கொடுப்பதற்குச் சமம்.

இது உபுண்டுவில் மட்டும் வரும் தொல்லையும் இல்லை. ரெட் ஹாட் 8 வகையறாவில் போஸ்ட்கிரெஸ் குழுவின் களஞ்சியத்தைச் சேர்க்கும்போது, உள்ளே ஏற்கெனவே இருக்கும் போஸ்ட்கிரெஸ் மாட்யூலை முடக்கு என்று அந்தக் குழுவே குறிப்பில் எழுதியிருக்கிறது. மைஎஸ்க்யூஎல் பக்கம் போனால் அதைவிடக் குழப்பம். அதிலிருந்து பிரிந்து வந்த மரியாடிபி, 2014-இல் ரெட் ஹாட் 7-இல் அதன் இடத்தைப் பிடித்தது. 2017-இல் டெபியன் 9-உம் மாறியது. உபுண்டு இரண்டையும் வைத்திருக்கிறது. பழைய புத்தகத்தைப் பார்த்து "மைஎஸ்க்யூஎல்-டெவெல்" என்று தேடும் பிள்ளை என்ன செய்வாள்? அந்த இரண்டு பெயருமே அதை உருவாக்கியவரின் மகள்கள் பெயர்களாம், மை, மரியா. அக்கா தங்கை சண்டை எல்லா வீட்டிலும் உண்டுபோல.

நடந்ததன் மிச்சத்தையும் சொல்கிறேன், மறைக்க விரும்பவில்லை. 38 ரசீதில் 35-ஐ அடிக்கட்டையைப் பார்த்துத் திரும்ப ஏற்றிவிட்டேன். இரண்டு இரவு பிடித்தது, வீட்டுக்காரர் வாசிக்க நான் அடித்தேன். ஆனால் ரசீது அல்லாத குறிப்புகள் போயே போயின. அதில் ஒன்று, நர்சிங் சேர்ந்திருக்கும் ஒரு பெண்ணின் கட்டணக் கடைசி நாள். அவள் அம்மா போனில் சொன்னதைக் காகிதத்தில் எழுதாமல் நேராகக் கணினியில் ஏற்றியிருந்தேன். நாளைத் தாண்டி இரண்டாம் நாள், அந்த அம்மா செங்கல் சூளை வேலையை விட்டுவிட்டு என் வாசலில் வந்து நின்றார்கள். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. "டீச்சருக்கு மறந்திருக்காதுன்னுதான் இருந்தோம்" என்றார்கள், அவ்வளவுதான். தாமதக் கட்டணம் 500 ரூபாயை என் பென்ஷனிலிருந்து கட்டினேன், நிதியில் எழுதவில்லை. அந்தப் பெண் வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், விளக்கேற்றிய கையோடு நகல் எடுக்கிறேன். ஒன்று பென்டிரைவில், ஒன்று தம்பி வீட்டில். கடைசி நாள்கள் எல்லாம் சமையலறைக் காலண்டரிலும் இருக்கின்றன.

இப்போது அந்த மூன்று பேருக்கு. கீழே உள்ள மூன்று தொகைகள் போனில் வந்தவை, அடிக்கட்டை இல்லை. பாஸ்புக்கில் ஒரு நீண்ட எண்ணும் பாதியில் வெட்டுப்பட்ட பெயரும்தான் இருக்கின்றன. யாருடைய படிப்புக்கு என்று நீங்கள் சொல்லியிருந்ததும் அழிந்த குறிப்போடு போய்விட்டது.

ஜூன் 19, 2,000 ரூபாய்.
ஜூலை 3, 1,500 ரூபாய்.
ஜூலை 11, 5,001 ரூபாய். மொய் மாதிரி ஒரு ரூபாய் சேர்த்து அனுப்பியது யார்?

இது உங்களுடையது என்றால் எனக்குப் போன் செய்யுங்கள், குழுவில் போட வேண்டாம். மாலை நாலு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். பெயரைச் சொன்னதும் ரசீது அச்சடித்துத் தருகிறேன், நிரல் இப்போது வேலை செய்கிறது.